இரண்டாம் கோட்டுக்கு அப்பால் நின்றவர்

விழுப்புரத்திலிருந்து கோலியனூர் போகிற சாலையில், வீடுகள் முடிந்து கரும்பு தொடங்குகிற இடத்தில் ஒரு மைதானம் இருந்தது. வாடகைக் கார்கள் வருஷத்துக்கு ஒரு முறை அங்கே வந்து, ஓடத் தகுதியானவை என்று சான்று வாங்கிப் போக வேண்டும். அந்தச் சான்றை யாரும் தமிழில் சொல்லிக் கேட்டதில்லை. எஃப்.சி. என்றுதான் சொல்வார்கள். சான்று தருகிறவருக்கு அலுவலகப் பலகையில் நீளமான ஒரு பதவிப் பெயர் எழுதியிருந்தது. ஊரில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்.

மைதானத்தின் நடுவில் சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள். வண்டி கோடியிலிருந்து வேகமாக வந்து முதல் கோட்டில் பிரேக் அடிக்க வேண்டும். இரண்டாம் கோட்டுக்குள் நின்றுவிட வேண்டும். மற்ற ஊர்களில் இன்ஸ்பெக்டர்கள் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்ப்பார்கள் என்று கேள்வி. இவர் இரண்டாம் கோட்டைத் தாண்டி நான்கு எட்டு வைத்து, பாதையின் நட்டநடுவில், வருகிற வண்டிக்கு நேர் எதிராக நிற்பார். இடது கையில் கறுப்புக் குடை, வலது கையில் அட்டையில் செருகிய தாள்கள். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். அவர் குடையைக்கூட அசைக்க மாட்டார். வண்டி நிற்கும். அவர் குனிந்து எழுதுவார். ஓட்டி வந்தவர் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

நான் அவரைப் பார்த்தது இரண்டே வருஷம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த காலம். திண்டிவனத்தில் என் அண்ணன் மூன்று வாடகைக் கார்கள் வைத்திருந்தான். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒன்றுக்கொன்று வயதில் மட்டும் வித்தியாசம். எஃப்.சி. வேலையை அவன் என் தலையில் கட்டினான். காரணம், நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். விளக்கு எத்தனை எரிகிறது, எந்தக் கதவு சாத்துவதில்லை, ஜாக்கி எந்த வண்டியில், முதலுதவிப் பெட்டி எந்த வண்டியில் என்று எழுதி வைத்திருப்பேன். முதல் தடவை போனபோது என் பட்டியலை அழகாகப் பிரதி எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து நல்லா இருக்குதும்மா. இதுல உனக்குச் சந்தேகம் எது, அதை மட்டும் சொல்லு."

அதற்கென்று என் பட்டியலில் இடமே இல்லை.

அவர் ஏன் அப்படி நடுவில் நிற்கிறார் என்பதற்கு வரிசையில் காத்திருக்கும் டிரைவர்களிடம் மூன்று கதைகள் இருந்தன. ஒன்று, வேறு ஊரில் அவர் பாஸ் செய்த வேன் ஒன்று மறுநாளே சந்தைக்குள் பாய்ந்துவிட்டது. இரண்டு, பாய்ந்தது அவர் மச்சான் ஓட்டிய வேன். மூன்று, ஓரத்தில் நின்றால் கரும்பு லாரிகளின் புழுதி மூக்கில் ஏறுகிறது, அவ்வளவுதான். நான் அவரிடமே கேட்டேன்.

"ஓரமா நின்னா எல்லா வண்டியும் நிக்கற மாதிரிதாம்மா தெரியுது" என்றார்.

இதற்காக அவருக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓடும் வண்டிக்கு முன்னால் ஆய்வாளர் நிற்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை என்று அதில் இருந்ததாம். நிற்கக் கூடாது என்றும் எந்த விதியிலும் இல்லை என்று இவர் பதில் எழுதினாராம். இதைக் கேட்டு என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கவர்மெண்டு ஆளு, கவர்மெண்டு சொல்றதையே கேக்கமாட்டேங்கறாரு பாரேன்! இவரு நம்மள மாதிரி கார் வெச்சிருக்க வேண்டிய ஆளு."

அந்த மைதானத்தின் இன்னொரு புள்ளியையும் சொல்லிவிட வேண்டும். பின்பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள் அடுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அறுவடை இல்லாத மாதங்களில் அதன் சொந்தக்காரர் அங்கே வேறு தொழில் செய்தார். நல்ல டயர், நல்ல ஹாரன், நல்ல வைப்பர், நல்ல பிரேக் ஷூ எல்லாவற்றையும் அரை நாள் வாடகைக்கு விடுவார். விடியற்காலையில் வாங்கி மாட்டிக்கொண்டு, எஃப்.சி. முடிந்ததும் கழற்றித் திருப்பித் தந்துவிட்டு, பழையதையே மாட்டிக்கொண்டு ஊர் திரும்பலாம். அரசாங்கம் தரம் கேட்டது. கொட்டகைக்காரர் தரத்தை வாடகைக்கு விட்டார். எங்கள் மூன்று வண்டிகளுக்கும் எது எது வாடகைச் சாமான், எது எது சொந்தச் சாமான் என்று தனியாக ஒரு பட்டியல் போட்டவள் நான்தான். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமில்லை. ஆனால் நடந்தது அது.

இன்ஸ்பெக்டருக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு நாள் எங்கள் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைத் தடவிக் கொடுத்து, அதனிடமே பேசினார்.

"வாப்பா. செவ்வாக்கெழமை கண்டமங்கலம் வண்டியில வந்தே. இன்னிக்குத் திண்டிவனமா?"

அண்ணன் அசரவில்லை. "டயருங்க எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்."

"இதுக்கு மட்டும் ஓரத்துல ஒரு தழும்பு இருக்குதுங்களே ஓனரே. இந்த மாசத்துல இதுக்கு அஞ்சாவது தடவை எஃப்.சி. பாக்கறேன். பேசாம டயருக்குன்னு தனியா ஒரு ஆர்.சி. புஸ்தகம் போட்டுக் குடுத்துடட்டுமா?"

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்காமல் எழுதினார். "டயரு பாஸு. வண்டியைத்தான் காணோம். போய்க் கூட்டிக்கினு வாங்க."

டயர் வெளியே தெரியும். பிரேக் ஷூ அப்படியில்லை. சக்கரத்துக்குள்ளே மறைந்திருந்து, மிதிக்கிறபோது விரிந்து, சுழற்சியைப் பிடித்து நிறுத்துகிற பிறை வடிவச் சாமான் அது. ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால்தான் எதிரே போய் நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் அண்ணனுக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதங்கள் அந்தப் பக்கம் பிரசித்தம். ஒரு வண்டிக்கும் அடுத்ததுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் சோடாக்கடை ஓரத்தில் நடக்கும். இருவரும் குரலை உயர்த்த மாட்டார்கள். சுற்றி நிற்கிறவர்கள்தான் பக்கம் பிரிந்து சத்தம் போடுவார்கள்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று அண்ணன் ஆரம்பிப்பான். "புதுக் கார் வேணும்னு எழுதிக் குடுத்தா வருஷக்கணக்கா காத்துக்கினு கெடக்கணும். ஏன்? இவங்கதான் கார் பண்ணணும், இத்தனைதான் பண்ணணும்னு கவர்மெண்டு சொல்லிட்டுது. வெளிநாட்டு வண்டியும் வரக்கூடாதுன்னுட்டுது. சரி, போவட்டும், பழசையே ஓட்டறேன். ஏன் பழசை ஓட்டறேன்னு நீங்க வந்து மறிக்கிறீங்க. அதுவும் கவர்மெண்டு. நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கவே மாட்டீங்களா?"

"அந்த ஆபீஸு டில்லியில இருக்குது. நான் கோலியனூர் ரோட்டுல இருக்கறேன்."

"அதான் சார் சொல்றேன். எல்லாத்தையும் வுட்டுடுங்க. யாரு வேணா கார் பண்ணட்டும். யாரு வேணா ஓட்டட்டும். என் வண்டி சரியில்லன்னா ஜனம் ஏறாது, அடுத்த வண்டிக்குப் போயிடும். எனக்கு அதைவிடப் பெரிய இன்ஸ்பெக்டரு யாரு?"

இன்ஸ்பெக்டர் சோடாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"பாதி சரிங்க. கார் பண்றதை வுட்டுடலாம். நானே ஒரு ஸ்கூட்டருக்கு எழுதிப் போட்டேன். அப்ப என் பொண்ணு ஒண்ணாவது. இப்ப ஆறாவது போய்க்கினு இருக்கறா. ஸ்கூட்டரு இன்னும் கெளம்பல. ஆனா பிரேக்கு வேற. பிரேக்கு புடிக்கலன்னு தெரிஞ்சிக்கினவரு உங்க வண்டியை வுட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போவணும்னா, அதுக்கு அவரு உயிரோட இருக்கணும் இல்லீங்களா?"

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன், "பேஜாரு புடிச்ச மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவனுக்குப் பதில் கிடைக்காத நாட்களில்தான் அந்த வார்த்தை வரும்.

ஆனால் அவனிடமும் நியாயம் இருந்தது. நான் அதையும் எழுதியாக வேண்டும். நல்ல பிரேக் ஷூ கேட்டுத் திண்டிவனத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் 'ஸ்டாக் இல்லை' என்ற அட்டை தொங்கும். கம்பெனி அனுப்பும்போது வரும். அதுவரை தேய்ந்ததில்தான் ஓட்ட வேண்டும். இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

"நியாயம்தாங்க. நியாயம் வண்டியை நிறுத்தாதுங்களே."

அடுத்த வருஷம் ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து செய்த புதிய சின்னக் கார் வந்தது. எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் குலுக்கலில் சீட்டு விழுந்து வாங்கியிருந்தார். பதிவுக்காக மைதானத்துக்கு வந்த நாளில் வரிசை கலைந்து எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் அதற்கும் எதிரே போய் நின்றார். டாக்டர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்: "யோவ், புது வண்டிய்யா! தள்ளி நில்லுய்யா!"

"புதுசுன்னு வண்டிக்குத் தெரியுமுங்களா? வாங்க டாக்டரே."

அது முதல் கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே சத்தமில்லாமல் நின்றது. இரண்டாம் கோடு எங்கோ இருந்தது. இன்ஸ்பெக்டர் நடந்து வந்து அதன் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பாத்தீங்களா சார்!" என்று அண்ணன் குதித்தான். "கதவைத் தொறந்து வுட்டா என்னா மாதிரி வண்டி வருது பாத்தீங்களா!"

"பாத்தேன். இன்னும் சீக்கிரமா தொறந்திருக்கலாம். அதை ஒத்துக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கையை எடுத்துவிட்டு எங்கள் வண்டியைப் பார்த்தார். "ஆனா டாக்டர் வண்டியில டாக்டருதான் போவாரு. உங்க வண்டியிலதான் ஜனம் போவுது."

இன்ஸ்பெக்டரும் திண்டிவனத்துக்காரர்தான். தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவார். ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டபோது அண்ணன் வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னான். அவர் குடைக்குள்ளிருந்தே மறுத்தார்.

"உள்ள உக்காந்துட்டா மெத்துன்னு இருக்கும் தம்பி. அப்புறம் பிரேக்கைப் பத்தி நெனப்பு வராது."

"முன்னாடி நிக்கறதுக்குப் பயமில்ல, உள்ள உக்கார்றதுக்குப் பயமாம்" என்றான் அண்ணன் கியர் மாற்றியபடி. அவருக்குப் பயமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் அதை ஒரு கணக்காகத்தான் பார்த்தேன்: வேகம் இவ்வளவு, தூரம் இவ்வளவு, மனிதர் இந்த இடத்தில். கணக்கு சரியாக இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது.

கணக்கு பிசகிய நாளுக்கு வருகிறேன்.

எங்கள் வண்டிகளில் மூத்தது, பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேரைத் தினமும் ஏற்றிப் போகும். அதன் எஃப்.சி. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை வண்டி போகாவிட்டால் அந்தப் பிள்ளைகளை வேறு வண்டிக்காரர் எடுத்துக்கொள்வார். வெள்ளி காலையில் கொட்டகையிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஷூ வாடகைக்கு எடுத்தோம். எங்கள் மெக்கானிக் மாட்டத் தொடங்கினார். வாடகை ஹாரனுக்கும் விளக்குகளுக்கும் கையெழுத்துப் போட நான் கொட்டகைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சக்கரங்கள் நான்கும் பூட்டியிருந்தன. அண்ணன் ஸ்டியரிங்கில் இருந்தான்.

"ஜல்தி ஏறு பாப்பா. வரிசை சேந்துட்டுது."

மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு முன் டிக்கியிலுள்ள எல்லாவற்றையும் இறக்கி, பாதையோரம் ஒரு பாயில் பரப்பி வைக்க வேண்டும். எல்லாம் இறக்கியதும் அண்ணன் வண்டியைத் தொடக்கக் கோடிக்கு ஓட்டிக்கொண்டு போனான். நான் பாயில் ஒவ்வொன்றாக வைத்தேன். ஸ்டெப்னி. ஜாக்கி. ஸ்பேனர் பை. முதலுதவிப் பெட்டி. கடைசியாக ஒரு சாக்குப்பை. பட்டியலில் அதற்கு வரி இல்லை. அவிழ்த்துப் பார்த்தேன். பின்சக்கரங்களுக்கான வாடகை ஷூக்கள், சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் உள்ளே இருந்தன.

நேரமாகிவிட்டது என்று முன்பக்கம் மட்டும் மாற்றிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கும் தெரியும். முன்னால் இரண்டும் நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்திருப்பான். படித்தவள் என்கிற முறையில் எனக்கும் தெரியும், வண்டி நிற்கும் என்று. எங்கே நிற்கும் என்பதுதான் தெரியாது. முதல் கோட்டிலிருந்து அளந்தால் அந்த எங்கேயோவில் குடையோடு ஒருவர் நின்றார்.

கோடியில் அண்ணன் ஹாரன் அடித்தான். வண்டி கிளம்பிவிட்டது.

பேசினால் என்னவெல்லாம் போகும் என்பது வரிசையாக வந்து நின்றது. எஃப்.சி. போகும். எட்டுப் பிள்ளைகள் போகும். கொட்டகை விவகாரம் அத்தனை பேர் நடுவில் வெளியே வரும். கொட்டகைக்காரரும், எங்களுக்குப் பின்னால் நிற்கிற ஒன்பது வண்டிக்காரர்களும் என் அண்ணனை மன்னிக்க மாட்டார்கள். அதற்குமேல் நான் எண்ணவில்லை. ஷூ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பாதைக்குள் போனேன். ஓடவில்லை, வேகமாக நடந்தேன் என்றுதான் நினைவு. அண்ணன் பிற்பாடு நான் அலறிக்கொண்டு ஓடியதாகச் சொன்னான்.

"சார், இது வண்டியில இருக்கணும். என் கையில இருக்குது. நகருங்க சார்."

அவர் ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, என்னையும் இழுத்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கினார். அவர் அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததை அந்த மைதானத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. அண்ணன் எங்கள் இருவரையும் நடுப்பாதையில் பார்த்தபோதே முதல் கோட்டுக்கு முன்னால் காலை எடுத்துவிட்டிருந்தான். வண்டி வேகம் குறைந்து, இரண்டு கோடுகளையும் உருண்டு கடந்து, தூரத்தில் போய் நின்றது. முழு வேகத்தில் வந்திருந்தால் எங்கே நின்றிருக்கும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும்படி ஆகவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் மூச்சு இலேசாகிறது.

அண்ணன் இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நான் மிதிச்சிருப்பேன் பாப்பா. நல்லா மிதிச்சிருப்பேன்."

"நீ மிதிச்சிருப்பே அண்ணே. அது கேட்டிருக்கணுமே."

அவன் சாக்குப்பையைப் பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான்.

நானும் அப்போதுதான் கவனித்தேன். அட்டையை அவர் பிடித்திருந்த இடத்தில் தாளின் ஓரம் வியர்வையில் நனைந்து மை கரைந்திருந்தது. அது அந்த ஒரு வண்டியின் ஈரம் இல்லை. அடியில் இருந்த தாள்களும், காலையில் பார்த்து முடித்த வண்டிகளின் தாள்களும், அதே இடத்தில் அதே மாதிரி கரைந்திருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் இந்த மனிதர் பயந்துகொண்டேதான் நின்றிருக்கிறார்.

எங்கள் பாயில் கிடந்த ஸ்டெப்னி மேல் அவர் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

"அப்பாடா" என்றார். வீடு வந்து சேர்ந்தவர் சொல்வது போல இருந்தது.

பிறகு அண்ணனை அழைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஓனரே, இன்னிக்கு எழுத மாட்டேன். நாளைக்குக் காலையில மொத வண்டியா கொண்டாங்க. நாலு சக்கரமும் உங்க சொந்தமா இருக்கட்டும்" என்றார். கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் அன்று மத்தியானமே புதுச்சேரிக்குப் பஸ் ஏறி, நான்கு கடை அலைந்து நல்ல ஷூ வாங்கி வந்தான். மறுநாள் அவரே நின்றார், அண்ணனே ஓட்டினான், வண்டி நின்றது, திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எனக்கு நினைவில் நிற்பது அந்த வெள்ளிக்கிழமையின் மிச்சப் பொழுதுதான். அவர் ஸ்டெப்னியிலிருந்து எழுந்து குடையை விரித்துக்கொண்டு, மறுபடியும் இரண்டாம் கோட்டுக்கு அப்பால் போய் நின்று, "அடுத்த வண்டி" என்று குரல் கொடுத்தார்.

யாரும் வரவில்லை. வரிசையில் ஒன்பது வண்டிகள் இருந்தன. டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் இருந்த வண்டி மெல்லப் பின்னுக்கு நகர்ந்து திரும்பியது. "வூட்டுல ஒரு வேலைங்க சார், நாளைக்கு வர்றேன்" என்று ஒருவர் கையை ஆட்டினார். அதற்கு முன்னால் இருந்ததும் திரும்பியது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு வண்டிகள், ஹாரன்கூட அடிக்காமல், கரும்பு வயல் ஓரமாகப் போய் மறைந்தன. மூன்று மட்டும் அங்கேயே நின்றன. அவற்றின் ஓட்டிகள், மாட்டியிருப்பதெல்லாம் சொந்தச் சாமான் என்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தார்கள்.

அவர் போன வண்டிகளின் புழுதி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார்.

"இன்னிக்கு நேரத்தோட சோறு துன்னலாம் போலருக்குதேம்மா."